பன்னிரண்டு பேருக்கு ஒரு நாக்கு

குன்னூரில் நான் வேலை பார்த்த தேயிலை ஏலக் கம்பெனியில் பன்னிரண்டு பேருக்கு ஒரு நாக்குதான் இருந்தது. பன்னிரண்டு பேரும் செத்துப்போனவர்கள் என்பதால் யாரும் அதைப் பெரிய குறையாகப் பேசவில்லை.

என் பெயர் எத்திராஜ். அந்தக் கம்பெனியின் அடித்தளத்தில் இருந்த மெஷின் ரூமுக்கு ஆறு வருஷம் நான்தான் பொறுப்பு. அதற்கு முன்னால் மலை ரயிலில் பிரேக்மேன். பிரேக் பிடித்தவனுக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இரண்டையும் கிட்டத்தில் பார்க்காதவர்கள். இரண்டிலும் வேலை ஒன்றுதான். தானாகப் போய்க்கொண்டிருப்பதை வேடிக்கை பார்க்க வேண்டும். நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்த வேண்டும்.

செத்தவர்கள் அங்கே வந்தது இப்படி. டீ டேஸ்டர் என்று ஒரு உத்தியோகம் உண்டு. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு தேயிலையையும் கொதிநீரில் ஊறவைத்து, சர்ரென்று உறிஞ்சி, வாயில் ஒரு சுற்றுச் சுற்றி, துப்பிவிட்டு, இது நன்றாக வாடவில்லை, இது தீய்ந்துவிட்டது, இது முதல் தரம் என்று எழுதுகிறவர். அப்படி ஒரு நாக்கு பழக முப்பது வருஷம் ஆகும். பழகி முடிக்கிற நேரத்தில் ஆள் ரிட்டயர் ஆகிவிடுவார், பின்னாலேயே போயும் விடுவார். கம்பெனிகளுக்கு இது பொறுக்கவில்லை. எங்கெங்கோ மனு போட்டு ஒரு சட்டம் வாங்கினார்கள். இறந்தவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் மூளையில் இருந்ததை மெஷினில் ஏற்றி, பத்து வருஷம் வரை அதே வேலையில் வைத்துக்கொள்ளலாம். பலர் கையெழுத்துப் போட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து பழகாதவர்கள்.

ஏற்றலாம், ஆனால் நகல் எடுக்கக் கூடாது. கோயமுத்தூரில் ஒரு ஜவுளிக்காரரைத் தவறுதலாக இரண்டாக ஏற்றிவிட்டார்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கேஸ் போட்டன. இரண்டுக்கும் ஒரே வக்கீல்தான் பிடித்திருந்தது. வக்கீல் பாதி வழக்கில் மாரடைப்பில் போனார். அவரையும் ஏற்றித்தான் வாதாடச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு ஆள் ஒரு இடத்தில்தான் ஓட வேண்டும், பத்திரத்துக்காக ஒரு பிரதி எடுத்து வைத்தாலும் ஜெயில் என்று திருத்தம் வந்தது.

எங்கள் மெஷினுக்கு ஹோஸ்ட் என்று பெயர். வீட்டுச் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பன்னிரண்டு டேஸ்டர்களுக்கும் தனித்தனி விர்ச்சுவல் மெஷின். அதாவது தனித்தனி குவார்ட்டர்ஸ். சொந்தச் சுவர், சொந்தக் கூரை. எடை போடுகிறவர்கள், சீட்டு எழுதுகிறவர்கள் என்று செத்தவர்கள் இன்னொரு நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களுக்குக் கன்டெய்னர். அது எஸ்டேட் லைன் வீடு மாதிரி. எல்லோருக்கும் ஒரே கூரை, நடுவில் ஒரு தடுப்பு, ஒருவர் இருமினால் கடைசி வீடு வரை கேட்கும். உயிரோடு இருந்தபோது யார் எங்கே குடியிருந்தார்களோ செத்த பிறகும் அங்கேயேதான் இருந்தார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்ததாகத் தெரியவில்லை.

நாக்கு கம்பெனியிலேயே விலை கூடின பொருள். வெளிநாட்டுச் சரக்கு. இளஞ்சிவப்பாக ஒரு சிலிக்கான் துண்டு, மேலே மோப்பத்துக்கு இரண்டு துளை, ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். டீயை ஊற்றினால் அதுவே சர்ரென்று உறிஞ்சும். வந்த முதல் வாரம் பெரிய கூத்து. உறிஞ்ச ஏற்பாடு செய்தவர்கள் துப்புவதற்கு ஏற்பாடு செய்ய மறந்துவிட்டார்கள். பன்னிரண்டு டேஸ்டர்களும் வாய் நிறைய டீயோடு நான்கு நாள் "ம்ம், ம்ம்" என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் இருநூறு டீக்கு மதிப்புப் போட்டாகிவிட்டது. அந்த வார ஏலத்தில் யாரும் குறை சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாக்கில் படுவதை ஹோஸ்ட் வாங்கி, ஒரு விர்ச்சுவல் நெட்வொர்க் வழியாகப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பங்கு வைக்கும். யாருக்கு என்ன போனது என்று வரி வரியாகப் பதிவும் செய்யும். ஏமாற்ற முடியாது. ஆனால் பன்னிரண்டு பேருக்கும் போய்ச் சேர வேண்டுமே, அதனால் ஓரத்தில் இருக்கிற மெல்லிய வாசங்களை இரைச்சல் என்று கத்தரித்துவிடும்.

"பந்தியில கடைசி வரிசைக்கு வர்ற ரசம் மாதிரி இருக்கு எத்திராஜ்," என்பார் போஜன். அவர் கோத்தகிரிப் பக்கத்து ஆள், பன்னிரண்டு பேரில் மூத்தவர். "ரசம்னு தெரியுது. யாரு வெச்ச ரசம்னு தெரியல."

ரோஸ்லின் மேடம் அப்படியெல்லாம் சொல்லமாட்டார். அந்தக் கம்பெனியின் டேஸ்டிங் மேசையில் நின்ற முதல் பெண் அவர்தான். எழுபத்தோரு வயதில் போனார், மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். நறுக்கென்று பேசுவார். அவர் எழுதியது எழுதியதுதான், யாரும் இன்னொரு கப் வைத்துச் சரிபார்க்கச் சொல்லமாட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, மற்றவர்கள் எல்லாம் ஏலப் பட்டியல் வேலையில் இருந்த நேரம், ஸ்பீக்கரில் அவர் குரல் மெதுவாக வந்தது.

"எத்திராஜ், வெள்ளிக்கிழமை வீடு மாத்தறோமாமே."

"ஆமா மேடம். புது மெஷின் மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்தாச்சு, நாளைக்கு இங்க மேல் மாடிக்கு ஏறிரும். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பேசிட்டிருக்கும்போதே மாத்திருவோம். ஒரு வார்த்தை பழைய வீட்ல, அடுத்த வார்த்தை புது வீட்ல."

"நாக்கு?"

"அங்க புது நாக்கு. இது பழைய இரும்புக்குப் போகுது."

"கோடவுன்ல பழைய சாம்பிள் டின்னெல்லாம்?"

"சனிக்கிழமை லாரி வந்து அள்ளிட்டுப் போயிரும்."

பிறகு கேட்டார். "இந்த நாக்க எனக்கு மட்டும் நேராக் குடுக்க முடியுமா?"

அப்படிக் கொடுப்பதற்கு எங்கள் தொழிலில் பாஸ்த்ரூ என்று பெயர். நடுவில் ஹோஸ்ட் கை வைக்காது. பங்கு கிடையாது, கத்தரிப்பது கிடையாது, பதிவும் கிடையாது. நாக்குக்கும் அந்த ஒரு ஆளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று வீட்டுச் சொந்தக்காரருக்கே தெரியாது. முடியும், ஆனால் எதற்கு என்று கேட்டேன்.

"பத்தொம்பது வருஷம் முன்னாடி, ஒரு ஜனவரியில எனக்குக் காய்ச்சல் வந்துச்சு," என்றார். "காய்ச்சல் போச்சு. கூடவே மோப்பமும் போச்சு. ரெண்டு மாசம். மல்லிப்பூவும் தெரியல, மண்ணெண்ணெயும் தெரியல. நாக்குல உப்பு, கசப்பு, அவ்வளவுதான். யார்கிட்டயும் சொல்லல."

"லீவு போட்டிருக்கலாமே."

"அந்த மேசையில நான் ஒருத்திதான் பொம்பள. எப்படா இவ நகருவான்னு எட்டு பேரு பாத்துட்டு நின்னாங்க. போஜனும்தான். கலரப் பாத்தும் பக்கத்துல நிக்கறவங்க மூஞ்சியப் பாத்தும் ரெண்டு மாசம் ஓட்டினேன். அப்ப ஒரு ஃபேக்டரி டீ வந்துச்சு. அங்க இலை உலர்த்தற டிரையர்ல குழாய் ஓட்டை, புகை கசியுதுன்னு யாரோ பேசிக்கிட்டது காதுல விழுந்திருந்துச்சு. மூக்கில்லாதவளுக்கு வேற என்ன இருக்கு. 'புகை வாடை'ன்னு எழுதிட்டேன். மூணு வாரம் எழுதினேன். நான் எழுதினதப் பாத்து மத்தவங்களும் எழுதினாங்க. அந்த ஃபேக்டரியில டீ தயாரிப்பப் பாத்துக்கிட்டிருந்த டீமேக்கர வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. செல்லையான்னு பேரு. அப்புறம் எந்த ஃபேக்டரியிலயும் அவர எடுக்கல."

"நெஜமாவே புகை இருந்திருக்கலாம் இல்லீங்களா?"

"இருந்திருக்கலாம். அதத்தான் தெரிஞ்சுக்கணும். அந்த மூணாவது வாரத்து சாம்பிள் டின் கோடவுன்ல இருக்கு. சீல் பிரிக்கல. உயிரோட இருக்கும்போது நாலு தடவ அதுகிட்ட போயிட்டுத் திரும்பி வந்திருக்கேன்."

"பத்தொம்பது வருஷ டீயில என்ன மேடம் இருக்கும்?"

"ருசி போயிரும், வாசம் போயிரும். புகை மட்டும் போகாது. ஆனா அது ஓரத்துலதான் நிக்கும். உன் நெட்வொர்க் அத வெட்டிருது."

நியாயம்தான். வெள்ளிக்கிழமை மற்ற பதினொரு பேரும் போன பிறகு நாக்கு சும்மாதான் இருக்கும். மாலை ஆறு மணிக்குத்தான் பழைய மெஷினை அணைக்கிறோம். ஆனால் ஒரு விஷயம் இருந்தது. பிரேக்மேனாக இருந்தவன், வண்டி நிற்குமா நிற்காதா என்பதை மறைக்கக் கூடாது.

"மேடம், நாக்க நேராப் பிடிச்சுட்டு இருக்கறவங்கள ஓடற ஓட்டத்துல வீடு மாத்த முடியாது."

"குடிச்சுட்டு விட்டுடறேன்."

"நீங்க விட்டாலும் அது விடாது. நாக்க மெஷினோட இணைக்கற கார்டுல ஒரு கோளாறு. ஒருத்தர்கிட்ட ஒட்டிக்கிச்சுன்னா கரண்ட நிறுத்தற வரைக்கும் வராது."

"கரண்ட நிறுத்தினா நானும் நின்னுருவேன்."

"ஆமா."

"திரும்ப எழுப்ப நகல் வேணும். அது எடுக்கக் கூடாது."

"கூடாது மேடம். உங்களுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு."

ஒரு கப் டீ ஊறுகிற நேரம் யோசித்தார். பிறகு, "அந்த ஆள் முன்னாடிதான் டின்னப் பிரிக்கணும். கூட்டிட்டு வர்றியா?" என்றார்.

மேனேஜர் வித்யாதரனிடம் நான் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கொடுக்கமாட்டார். கேட்காவிட்டால் மறுக்க முடியாது.

செல்லையாவைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கோத்தகிரி ரோட்டில் வர்க்கி என்கிற மொறுமொறு ரொட்டி சுடும் ஒரு பேக்கரியில் அடுப்படி ஆளாக இருந்தார். விறகு அடுப்பு. அறுபதைத் தாண்டின மெலிந்த மனிதர், புருவத்தில் மாவும் கரியும். தட்டை உள்ளே தள்ளிக்கொண்டே பேசினார்.

"ரோஸ்லின் மேடம் அனுப்பினாங்கண்ணே," என்றேன்.

"அந்தம்மா செத்து மூணு வருசம் ஆச்சே தம்பி."

"ஆமா. அதனாலதான் அவங்களே வர முடியல."

அவர் சிரிக்கவில்லை. "புகைன்னு எழுதுன அம்மா. இப்பப் பாருங்க, பத்தொம்பது வருசமா புகைக்குள்ளதான் நிக்கறேன். ஒருத்தன் வர்க்கியில புகைன்னு சொன்னதில்ல."

நான் விஷயத்தைச் சொன்னேன். பாஸ்த்ரூ என்றால் என்ன என்று கேட்டார்.

"நீங்க லைன் வீட்ல பொறந்தவங்கதானே?"

"கடைசி லைன். குழாய்க்குப் பக்கத்து வீடு."

"அந்தப் பொதுக் குழாய்ல என்ன தண்ணி வரும்? எங்கயோ ஊத்துல பிடிச்சு, தொட்டியில விட்டு, மருந்து போட்டு, எல்லாருக்கும் பிரிச்சு விட்டது. யாரு எத்தன குடம்னு கணக்கப்பிள்ள எழுதிக்குவாரு. அந்தம்மா இப்பக் குடிக்கிறது அந்தத் தண்ணி. வெள்ளிக்கிழமை நேரா ஊத்துல வாய் வெச்சுக் குடிக்கப் போறாங்க."

"கணக்கப்பிள்ளைக்குத் தெரியாம."

"தெரியாம. ஆனா குடிச்சா அந்த ஊத்த விட்டு எந்திரிக்க முடியாது. மத்தவங்க எல்லாம் வேற வீட்டுக்குப் போயிருவாங்க. இவங்க அங்கயே. ஆறு மணிக்கு அணைச்சிருவோம்."

செல்லையா தட்டைத் திருப்பி வைத்தார். "எங்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறாங்களா?"

"தெரியல. முதல்ல டீ குடிக்கப் போறாங்க."

"கேட்டா நான் குடுக்க மாட்டேன். அத முன்னாடியே சொல்லிருங்க. என் பொண்டாட்டி ஃபேக்டரி வாசல்ல நின்னு அழுதா தம்பி. குடுக்க மாட்டேன். ஆனா வர்றேன். அது என் டீ."

இதை அப்படியே ரோஸ்லின் மேடத்திடம் சொன்னேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்காரு," என்றார். "என்ன இருக்குன்னு தெரியாம நானும் எதக் கேக்கறது."

வெள்ளிக்கிழமை காலையில் மாற்ற ஆரம்பித்தோம். முதலில் லைன் வீட்டுக்காரர்கள் நாற்பது பேர். கன்டெய்னர் என்பதால் மூட்டையைத் தூக்கி வைப்பது போலச் சடசடவென்று போய்விட்டார்கள். டேஸ்டர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். போஜன் மட்டும் பேசிக்கொண்டே போனார். "ரோஸ்லின், சீக்கிரம் வந்துரு, லேட்டா வந்தா உன் டீயெல்லாம்" என்றது பழைய ஸ்பீக்கரில் வந்தது. "நான்தான் எழுதுவேன்" என்றது மேல் மாடியில் புது ஸ்பீக்கரில் வந்தது.

"எழுதுங்க போஜன்," என்றார் ரோஸ்லின் மேடம், காலியான அறையில். "நல்லா எழுதுங்க."

மூன்றரை மணிக்குச் செல்லையா வந்தார். தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. நாக்கை ஹோஸ்டிடமிருந்து பிரித்து ரோஸ்லின் மேடத்துக்குக் கொடுத்தேன். திரையில் ஓடிக்கொண்டிருந்த பதிவு நின்றது. வெறும் கறுப்பு.

"வந்துச்சா மேடம்?"

"வந்துச்சு." அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு நேரமாயிற்று. "இந்த ரூம்ல ஈரச் சாக்கு இருக்கா எத்திராஜ்? எலி இருக்கு. நீ பீடி குடிச்சிருக்க. செல்லையா, நீங்க வெண்ணெயும் விறகும். சீகை மரம்." பிறகு குரல் மாறியது. "நாக்கு மட்டும் வரல. இன்னும் என்னமோ வந்திருக்கு. மேல போற மாதிரி, கீழ போற மாதிரி."

அது லிஃப்ட்.

பாஸ்த்ரூவில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே கொத்தில் செருகியிருக்கிற சாதனங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. ஒன்றைக் கொடுத்தால் கொத்தாகத்தான் போகும். போன மழைக்காலத்தில் லிஃப்ட் கன்ட்ரோல் பழுதாகி, எங்கள் எலக்ட்ரீஷியன், நாக்குக்குப் பக்கத்துத் துளை சும்மாதானே இருக்கிறது என்று அதில் செருகிவிட்டுப் போயிருந்தார். நானும் நல்ல யோசனை என்று அவருக்கு வடை வாங்கிக் கொடுத்திருந்தேன்.

போன் அடித்தது. வித்யாதரன்.

"எத்திராஜ், நான் லிஃப்ட்ல இருக்கேன். முதல் மாடிக்கும் ரெண்டாவது மாடிக்கும் நடுவுல."

"அப்படியா சார்."

"இது தானா அசையுது. யாரோ ஊஞ்சல் ஆட்டற மாதிரி."

"மெஷின் மாத்தற வேலை நடக்குது சார். ஆறு மணிக்குச் சரியாயிரும். தண்ணி பாட்டில் வெச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தார். நல்ல மனிதர், எப்போதும் வைத்திருப்பார்.

செல்லையா டின்னை இரண்டு கையாலும் வாங்கினார். லேபிளில் தன் ஃபேக்டரி பெயரையும் வாரத்தையும் படித்தார். சீலை அவரேதான் பிரித்தார். நான் தராசில் இலையை அளந்து மூன்று கப்பில் போட்டேன். கொதிநீர் ஊற்றி மூடினேன். டேஸ்டிங் வழக்கப்படி ஆறு நிமிஷம். வெளியே மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது என்று பிறகு படிக்கட்டு ஈரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அடித்தளத்தில் ஒன்றும் தெரியாது.

முதல் கப்பை நாக்கின் முன் வைத்தேன். சர்ரென்று இழுத்தது. மேலே எங்கோ லிஃப்ட் ஒரு அடி ஏறியது.

"இன்னொரு வாட்டி."

மறுபடி சர். மறுபடி ஏறியது.

"இன்னொரு வாட்டி எத்திராஜ்."

மூன்றாவது முறையும் இழுத்து முடிந்தது. நான் பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்தேன். கறுப்பு. அவருக்கு என்ன தெரிந்தது என்று அந்தக் கட்டடத்தில், இந்த உலகத்தில், வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. அவர் சொன்னால்தான் உண்டு. எது சொன்னாலும் அதுதான்.

"பழைய அட்டைப்பெட்டி வாசம் இருக்கு," என்றார். "டின் வாசம் இருக்கு. இலை செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. ஆனா நல்லா வாட்டியிருக்கு. பதமா எடுத்திருக்கு. புகை இல்ல."

செல்லையா டின் மூடியைக் கையிலேயே பிடித்திருந்தார்.

"எந்த ஓரத்துலயும் இல்ல. புகை இல்ல செல்லையா. நான் எழுதினது பொய். தெரியாம எழுதினேன்னு சொல்ல மாட்டேன். மூக்கு இல்லன்னு தெரிஞ்சுதான் எழுதினேன்."

லிஃப்ட் மெதுவாக இறங்குகிற சத்தம் கேட்டது. போன் அடித்தது, நான் எடுக்கவில்லை.

செல்லையா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது. வெள்ளைச் சட்டையில் காலர் ஓரம் தைத்த தையல். ஏதாவது எறிவார் என்று நினைத்து நான் தராசைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். அவர் திரும்பியபோது குரல் அடுப்படியில் பேசின மாதிரியே சாதாரணமாக இருந்தது.

"டிரையர்ல மூணாவது குழாய்ல ஓட்டை இருந்துச்சும்மா."

"என்ன?"

"ஓட்டை. சுண்டு விரல் போற அளவு. நான் பாத்தேன். ஃபேக்டரியில சொல்லல. சீசன் நேரம், நிறுத்தச் சொன்னா திட்டுவாங்கன்னு ஓட்டிட்டேன்."

மேலே லிஃப்ட் சட்டென்று நின்றது.

"செல்லையா, நான் நாப்பது வருஷம் இந்த வேலை பாத்தவ."

"தெரியும்மா. அதனாலதான் சொல்றேன். புகை இருந்துச்சு."

"இப்ப மூணு வாட்டி குடிச்சேன்."

"இந்த நாக்கு பழசும்மா. நாளைக்கு இரும்புக் கடைக்குப் போகுது. இந்தத் தம்பியக் கேளுங்க."

என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியாது.

"எவ்வளவு புகை?" என்றார் ரோஸ்லின் மேடம்.

"லேசா."

"லேசா இருந்தா நான் மூணு வாரம் எழுதியிருக்க மாட்டேன். முதல் வாரம் எழுதிட்டு, ரெண்டாவது வாரம் போன் பண்ணி டிரையரப் பாருங்கன்னு சொல்லியிருப்பேன்."

செல்லையா யோசித்தார். "அப்பக் கொஞ்சம் கூடவே இருந்துச்சுன்னு வெச்சுக்கங்க."

"வெச்சுக்கங்கன்னு சொல்லக் கூடாது. இருந்துச்சா?"

"இருந்துச்சு. நடுத்தரமா."

"நடுத்தரம்." அந்தச் சொல்லை அவர் வாயில் ஒரு சுற்றுச் சுற்றியது போலச் சொன்னார். "எத்திராஜ், மதிப்புக் கார்டுல எழுது. என் பேர் போட்டு எழுது. வாடல், நல்லது. இலை, நல்லது. டீமேக்கரோட கை, ரொம்ப நல்லது. புகை, நடுத்தரம். டீமேக்கர் சொன்னபடி."

எழுதினேன். 'டீமேக்கர் சொன்னபடி' என்பதற்குக் கீழே கோடு போடச் சொன்னார். போட்டேன். செல்லையா கார்டை வாங்கி இரண்டு தடவை படித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மீதி இரண்டு மணி நேரத்தில் அவர்கள் இருவரும் பேசியது முழுக்கத் தொழில். எந்த ஃபேக்டரியில் ரோலர் சரியில்லை, எந்த மேனேஜர் பச்சை இலையை வெயிலில் போட்டார், உறைபனி விழுந்த வருஷங்களில் எது நல்ல வருஷம். நான் நடுவில் ஒரு தடவை மாடிப்படி ஏறி, செல்லையா கொண்டுவந்திருந்த வர்க்கியில் இரண்டை லிஃப்ட் கதவு இடுக்கில் வித்யாதரனுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரோஸ்லின் மேடம், "போதும். வேலை நேரம் முடிஞ்சுது," என்றார்.

"வேற ஏதாவது மேடம்?"

"செல்லையாவுக்குப் பஸ் எத்தன மணிக்கு?"

"ஆறே கால்," என்றார் செல்லையா.

"அப்ப லேட் பண்ணாத எத்திராஜ்."

நான் விசையைக் கீழே இழுத்தேன். விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. ஆறு வருஷமாக அந்த அறையில் ஒரு இரைச்சல் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மேலே லிஃப்ட் தன் பாதுகாப்பு விதிப்படி தரைத்தளத்துக்கு இறங்கிக் கதவைத் திறந்தது. நான் படியேறிப் போனேன். வித்யாதரன் வெளியே வந்து, எல்லோரையும் மாற்றியாகிவிட்டதா என்று கேட்டார். பதினொரு பேர் மாறிவிட்டார்கள், ஒருவர் இங்கேயே நின்றுவிட்டார் என்று நான் சொல்லி, சாவிக் கொத்தை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் மாடிப்படியைப் பார்த்தார். லிஃப்டைப் பார்க்கவில்லை.

அடித்தளத்துக்குத் திரும்பினபோது செல்லையா கிளம்பவில்லை. ஆறிப்போன இரண்டாவது கப்பைக் கையில் வைத்திருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். தலையாட்டினார். வாய் நிறைய இழுத்து, கண்ணை மூடி ஒரு சுற்றுச் சுற்றி, விழுங்கினார். கொஞ்சம் காத்திருந்து மறுபடி ஒரு வாய். கப் காலியானது. அதைத் தொட்டியில் கழுவி, துணியில் துடைத்து, மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"அந்த வருசம் நல்லாத்தான் செஞ்சிருக்கேன்," என்றார்.